வீட்டுக்குப் போக ஒரு சுற்றுலா

என் வீட்டுக்குப் போக முன்னூற்றுப் பன்னிரண்டு படி ஏற வேண்டும். என் மனைவியால் அந்தப் படிகளை ஏற முடியாமல் போன ஒரு நாளில், நாங்கள் இருவரும் எங்கள் ஊரையே சுற்றிப் பார்க்க வந்த பயணிகளாக மாற வேண்டியிருந்தது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்பாதவர்கள் ஆணையத்துக்கு எழுதிக் கேட்கலாம். மூன்று பிரதிகளாக எழுத வேண்டும்.

எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது. ரொம்பப் பழைய ஊர் என்பதால், அதைக் காப்பாற்றப் பழநகரப் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று வந்து சேர்ந்தது. அது வருவதற்கு முன்பு நானூறு வருஷம் இந்த ஊர் எப்படித்தான் தப்பிப் பிழைத்ததோ, யாரும் கேட்கவில்லை. வந்து பதினேழாவது வருஷம், முதல் மாதத்தில் படிகளின் ஓரமாக இருந்த இரும்புக் கைப்பிடியைப் பிடுங்கினார்கள். அசல் கட்டுமானத்தில் கைப்பிடி கிடையாதாம். அடுத்த மாதம் படிகளுக்கு மெருகு போட்டார்கள். படத்தில் பளபளவென்று தெரிய வேண்டுமாம். அதற்கடுத்த மாதம் என் மனைவி விழுந்தாள்.

நான் குழாய் வேலை செய்கிறவன். வீட்டுக் கதவு ஒன்றைக் கழற்றி, அதில் அவளைப் படுக்க வைத்து, அக்கம்பக்கத்து ஆட்கள் மூன்று பேரோடு கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவளுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. பாரம்பரியக் கதவை முன் அனுமதியின்றிப் படுக்கை நிலையில் பயன்படுத்திய குற்றம்.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். "ஆறு வாரத்துக்குக் கால் தரையில படவே கூடாது. ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போங்க," என்றார். மலைமேல் வண்டி விடுவதற்கு ஆணையத்தின் தடை இருக்கிறது. ஆம்புலன்ஸ்கூடக் கீழ் வாசலோடு நின்றுவிடும். அதனால் வாசலில் இருந்த ஆணையத்தின் விசாரணைக் கவுண்டருக்குப் போனேன். உள்ளே ஒரு அம்மா காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாற்காலியில வெச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா. ஆனா நாற்காலியில தூக்கிட்டுப் போறது அந்தக் காலத்துப் பிரபுக்கள் வழக்கம். தூக்கறவங்க நாலு பேரும் அந்தக் கால உடுப்புப் போடணும். உடுப்புக்கு அளவெடுக்க ரெண்டு மாசம் ஆகும்."

"வேற வழி இல்லையாம்மா?"

"வண்டி வேணும்னா தனிச் சுற்றுலா இருக்கு. வழிகாட்டியோட. அந்த வண்டி மட்டும்தான் மேல போகும். உங்க தெரு ஏழாவது நிறுத்தம்."

எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. அடக் கடவுளே, இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். விண்ணப்பத்தில் "எங்கிருந்து வருகிறீர்கள்" என்ற இடத்தில் மலைமேல் தெரு என்று எழுதினேன். "ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தீர்கள்" என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அந்த அம்மாவே பென்சிலை எடுத்து "அழகுக்காக" என்று நிரப்பிக்கொண்டார்.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் திறந்த ஆறு இருக்கை வேன். பின் இருக்கையில் அவளைக் குறுக்காக உட்கார வைத்துக் காலைத் தலையணைமேல் நீட்டிவிட்டேன். ஓட்டுநர் நடுத்தர வயது. வழிகாட்டி சின்ன வயதுப் பிள்ளை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் தடியான உரைப் புத்தகம். இரண்டு பேருக்கும் நடுவில், முன் பலகையில், ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது.

"அது என்னங்க?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"அதுதாண்ணே முதலாளி. ஒவ்வொரு நிறுத்தத்துலயும் தம்பி உரையை முழுசா படிச்சு முடிச்சாத்தான் பெட்டி வண்டியை ஸ்டார்ட் பண்ண விடும். ஒரு வரி விட்டாலும் நகராது. நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கறதோட சரி."

"வியப்பும் பதிவாகும் சார்," என்றான் வழிகாட்டி. "ஒரு நிறுத்தத்துக்குக் கொறஞ்சது மூணு வியப்பு வேணும். இல்லன்னா வண்டி தானா கீழ திரும்பிடும். பார்வையாளர்கள் ஊரை ரசிக்கறாங்களான்னு ஆணையத்துக்குத் தெரியணும் இல்லையா."

முதல் நிறுத்தம் கீழ் வாசலேதான். நாங்கள் ஏறின இடத்திலிருந்து பத்தடி. வழிகாட்டி எழுந்து நின்று புத்தகத்தைப் பிரித்தான். "நீங்கள் காணும் இந்த வாயில் வழியாகத்தான் ஒரு பேரரசர் இந்நகருக்குள் வருவதாக இருந்தது. அவர் வரவில்லை. ஆயினும் அவர் வந்திருந்தால் இவ்வழியாகத்தான் வந்திருப்பார் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது." இப்படியே பதினோரு நிமிஷம், வராத ராஜாவின் குதிரை, பரிவாரம், அவர் சாப்பிட்டிருக்கக்கூடிய பழங்கள் என்று போயிற்று.

பச்சை விளக்கு எரியவில்லை. வழிகாட்டி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தான். "சார், வியப்பு."

"ஆகா," என்றேன். பெட்டி ஒன்று என்று காட்டியது. "அடேங்கப்பா," என்றேன். இரண்டானது. மூன்றாவதாக என்ன சொல்வது என்று திணறிக்கொண்டிருந்தபோது, அவள் காலைச் சற்று நகர்த்தப் பார்த்து, வலி தாங்காமல் "ஐயோ அம்மா" என்றாள். பெட்டி ஒரே தாவலாக எட்டுக்குப் போயிற்று.

"நல்லா வியக்கறாங்க மேடம்," என்றான் வழிகாட்டி. அவன் கேலி செய்யவில்லை. அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

அதற்குப் பிறகு வியப்புக்குப் பஞ்சமே இல்லை. மலைப்பாதை முழுக்கக் குண்டும் குழியும். பழமை கெடாமல் இருக்க அதைச் சரிசெய்யக் கூடாதாம். ஒவ்வொரு குழியிலும் என் மனைவி வியந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் வாகன நிறுத்துமிடம் முழுவதையும் பார்க்கக்கூடிய ஒரு மேடையைக் காட்டுவதற்குள் நாற்பத்தாறு வியப்பு சேர்ந்துவிட்டது. ஆணையத்தின் வரலாற்றிலேயே அது சாதனை என்றார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணீரை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

ஐந்தாவது நிறுத்தம் எங்கள் படிகள்.

"இப்படிகளின் சிறப்பு யாதெனில்," என்று வழிகாட்டி படித்தான், "நானூறு ஆண்டுகளில் ஒருவர்கூட இவற்றில் தவறி விழுந்ததில்லை."

"நான் விழுந்தேன்," என்றாள் என் மனைவி.

வழிகாட்டி பெட்டியைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தான். "மேடம், தயவுசெஞ்சு. அது உரையில இல்ல. உரையில இல்லாத தகவல் பதிவாச்சுன்னா என் உரிமம் போயிடும்."

"என் கால் போயிருக்கு தம்பி. பாரு, இதோ நீட்டி வெச்சிருக்கேன்."

"தெரியுது மேடம். ஆனா எந்தப் புத்தகத்துலயும் நீங்க விழல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன். படிக்கட்டு மெருகேறி, கண் கூசும்படி பளபளத்துக்கொண்டிருந்தது. விழுந்தது எத்தனையாவது படி என்று இருவருக்கும் தெரியும்.

ஒருவழியாக ஏழாவது நிறுத்தம் வந்தது. எங்கள் தெரு. எங்கள் நீலக் கதவு. பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலில் நின்று கையசைத்தார். நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். அவள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு தெளிவு தெரிந்தது. "ஏங்க, முதல்ல கட்டிலை ஜன்னல் பக்கமா இழுத்துப் போடுங்க. நான் படுக்கணும்," என்றாள்.

"எளிய தொழிலாளர் இல்லம்," என்று வழிகாட்டி படித்தான். "இங்கே ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன."

"இப்பவும்தான் வாழறோம்," என்றேன்.

"போன மாசம் உரையைத் திருத்தினாங்க சார்," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. நான் வேனிலிருந்து காலைக் கீழே வைத்தேன். பெட்டி அலற ஆரம்பித்தது.

ஏழாவது நிறுத்தம் பார்வைக்கு மட்டுமாம். இறங்கக் கூடாதாம். இறங்கும் இடம் ஏறிய இடமே என்று சீட்டின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறதாம். அலறல் ஓய்வதற்குள் மேற்பார்வை அதிகாரி வந்துவிட்டார். ஊரில் அவரைக் கோட்டுக்காரர் என்பார்கள். கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். நான் சாவியைக் காட்டினேன். மாவுக்கட்டைக் காட்டினேன். கதவைக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும்," என்றார். "மலைமேல ரெண்டு வகை ஆளுங்கதான் இருக்க முடியும். ஒண்ணு குடியிருப்பவர், இன்னொண்ணு பார்வையாளர். குடியிருப்பவர் வீட்டுக்குள்ள போகலாம், வண்டியில ஏற முடியாது. பார்வையாளர் வண்டியில ஏறலாம், வீட்டுக்குள்ள போக முடியாது. நீங்க வண்டியில ஏறிட்டீங்க."

"அப்ப நாங்க என்ன செய்யணும்?"

"கீழ போய் இறங்கிடுங்க. அப்ப மறுபடியும் குடியிருப்பவர் ஆயிடுவீங்க. அப்புறம் படியேறி வாங்க."

"அவளால ஏற முடியாதுங்க. அதுக்காகத்தான் வண்டியே எடுத்தோம்."

"அது எனக்குப் புரியாம இல்ல. ஆனா நான் இன்னிக்கு உங்க மனைவியை இறங்க விட்டா, நாளைக்கு ஊர்ல எல்லாரும் அவங்கவங்க வீட்டு வாசல்ல இறங்குவாங்க. அப்புறம் இது வெறும் ஊராயிடும் சார். வீடு இருக்கும், சமையல் இருக்கும், துணி காயும். அதைப் பார்க்க யார் வருவாங்க? பதினேழு வருஷமா நான் இந்த ஊரைக் காப்பாத்திட்டு வரேன். யார்கிட்டேயிருந்துன்னு நினைக்கறீங்க? இங்க குடியிருக்கறவங்ககிட்டேயிருந்துதான்."

இதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது.

அப்போது என் மனைவி கேட்டாள். "சிமெண்ட் மூட்டை போன வாரம் மேல வந்துச்சே, அது எப்படி வந்துச்சு?"

"அது பொருள்மா. பொருளை எங்க வேணும்னாலும் இறக்கலாம்."

"அப்ப என்னையும் பொருள்னு எழுதி இறக்குங்க."

அவள் எரிச்சலில் சொன்னாள். கோட்டுக்காரர் அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து ஒரு சின்னச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தபோது அவர் முகம் மலர்ந்தது. ஏழாவது நிறுத்தத்துக்குக் காட்சிப்பொருள் ஒன்று அனுமதிக்கப்பட்டு, நான்கு வருஷமாக நிரப்பப்படாமல் கிடந்ததாம். ஜன்னலோரம், உட்கார்ந்த நிலையில், வீட்டுப் பெண், பழைய பாணி. பத்து மணி முதல் ஐந்து மணி வரை.

"யோசிச்சுக்கோ," என்றேன் அவளிடம்.

"கால் விண்விண்ணுன்னு தெறிக்குதுங்க. எங்க கையெழுத்துன்னு கேளுங்க."

கோட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார். "இனி இந்தப் பொருளுக்கு முழுப் பொறுப்பு நான்," என்று பெருமையாகச் சொன்னார். பொருள் இடம் காலியாக இருந்தால் கையெழுத்திட்டவரே பதில் சொல்ல வேண்டுமாம். அவ்வளவு கறாரான சட்டமாம். பிறகு இரண்டு ஆட்கள் என் மனைவியை வேனிலிருந்து இறக்கினார்கள். அவள் இடுப்பில் ஒரு எண் சீட்டைக் கட்டி, எங்கள் நீலக் கதவு வழியாக உள்ளே கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தார்கள். என்னை அதே வேனில் கீழே கொண்டுபோய் விட்டார்கள். நான் முன்னூற்றுப் பன்னிரண்டு படி ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாளுக்கு எட்டு வண்டி வந்தது. மாவுக்கட்டு அந்தக் காலத்துப் பொருள் இல்லை என்பதால் அதன்மேல் ஒரு சாக்குத் துணியைப் போட்டு மூடினார்கள். மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பகலில் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கப் போனால், "பொருளைத் தொடாதீர்கள்" என்று வாசலில் நின்ற காவலாளி என்னைத் தடுத்தான். என் வீட்டுக் காவலாளி. ஐந்து மணிக்குமேல்தான் அவள் என் மனைவி. ஆறு வாரத்தில் அவள் இளைத்துப்போனாள். வந்த கூட்டத்தில் ஒருவன் இவள் மெழுகு பொம்மை என்று இன்னொருவனிடம் பந்தயம் கட்டிவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தான்.

ஆறு வாரம் முடிந்தது. மாவுக்கட்டைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கோட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பொருளை மலையை விட்டு வெளியில எடுத்துட்டுப் போறதுன்னா குழு கூடணும். குழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூடும், போன மாசம்தான் கூடி முடிஞ்சுது. ஆனா கவலைப்படாதீங்க. பராமரிப்புப் பிரிவுன்னு எங்ககிட்டேயே ஒண்ணு இருக்கு. இங்கேயே பிரிச்சுடுவாங்க," என்றார்.

மறுநாள் காலை பராமரிப்புப் பிரிவு வந்தது. கல்தச்சர் ஒருவர், கையில் உளியும் சுத்தியலும். அவர் பாவம், நல்ல மனிதர். "அம்மா, நான் இதுவரைக்கும் தூணுதான் செதுக்கியிருக்கேன். அசையாம இருங்க," என்றார்.

என் மனைவி உளியைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் இருந்த எண் சீட்டை அவிழ்த்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினாள். உட்கார்ந்தபடியே, கைகளை ஊன்றி, கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். நான் தூக்க வந்தபோது, "தலையணையை மட்டும் எடுத்துட்டு வாங்க," என்றாள்.

படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக இறங்கினாள். நான் ஒரு படி கீழே இருந்து அவள் காலுக்குத் தலையணை பிடித்தேன். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரம்மா பாதிவழி வரை கூட வந்து வேர்வையைத் துடைத்துவிட்டார். ஐந்தாவது நிறுத்தத்தில் நின்ற வேன்களிலிருந்து பயணிகள் படம் எடுத்தார்கள், சிலர் கைதட்டினார்கள். பெட்டிகளில் வியப்பு நிரம்பி வழிந்தது. கோட்டுக்காரர் பக்கத்துப் படியிலேயே குதித்துக் குதித்து வந்து சட்டப் பிரிவுகளைப் படித்துக்கொண்டே வந்தார். பொருள் தானாக நகரக் கூடாது என்பது பன்னிரண்டாம் பிரிவு. படியில் உட்காருவது இருபதாம் பிரிவு. அவள் ஒன்றுக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. கோட்டுக்காரர் கெஞ்சும் குரலுக்கு வந்துவிட்டிருந்தார். "அம்மா, ஜன்னல் காலியா இருக்கும்மா. பதினொரு மணி வண்டி வந்துடும். நான் என்ன பதில் சொல்வேன்?"

அதுவரை அவரை நீங்க என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தாள். "நீதானே கையெழுத்துப் போட்டே," என்றாள். "நீ போய் உக்காரு."

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். கோட்டுக்காரர் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். பன்னிரண்டாம் பிரிவின் அடியில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. மூடி உள்பையில் வைத்துக்கொண்டு, படியேறிப் போனார். வேன் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் குடியிருப்பவருமில்லை, பார்வையாளருமில்லை, இன்னும் பொருளாகவும் ஆகவில்லை.

அவள் காலின் மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. எலும்பு நன்றாகவே கூடியிருக்கிறது என்றார் டாக்டர். மலையடிவாரத்தில் என் தங்கை வீட்டில் ஒரு அறையில் இருக்கிறோம். இரண்டு மாதமாகிறது. எங்கள் சாமான்கள் மேலேதான் இருக்கின்றன, அவள் நினைத்தால் நாளைக்கே படியேறிப் போய்விடலாம். போக வேண்டும் என்று அவளுக்கு ஆசைதான். துணிமணி, பாத்திரம், அவளுடைய ஜன்னல் என்று தினம் ஒன்றைச் சொல்லிப் பெருமூச்சு விடுவாள்.

மேலே, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, கோட்டுக்காரர் எங்கள் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார். கோட்டைக் கழற்றிவிட்டார்கள், அந்தக் காலத்தில் கோட்டு கிடையாதாம். உரையைத் திருத்தக் குழு கூட வேண்டும் என்பதால், வண்டிக்கு வண்டி வழிகாட்டிகள் அவரைக் காட்டி, வீட்டுப் பெண், பழைய பாணி என்றே படிக்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லையாம். படம் எடுத்துக்கொண்டு போகிறார்களாம். போன வாரம் யாரோ அவர் கன்னத்தையும் கிள்ளினார்களாம்.

நேற்று மாலை வழிகாட்டித் தம்பி எங்களைத் தேடி வந்தான். அட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கி நின்றான்.

"சார் கேட்டுட்டு வரச் சொன்னார் மேடம். நீங்க திரும்பி வந்து ஜன்னல்ல உக்காந்தாத்தான் அவர் எழுந்திருக்க முடியுமாம். ரொம்ப முதுகு வலிக்குதாம். உங்க கால் எப்படி இருக்குன்னு கேட்டார்."

என் மனைவி கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டாள்.

"இன்னும் ஊன்றி நிக்கவே முடியலன்னு சொல்லுப்பா," என்றாள். சொல்லிவிட்டு, குடத்தோடு மூன்று படியேறி உள்ளே போனாள்.